அப்பாவின் மீசை

அப்பாவின் அறையிலிருந்து விளக்கெண்ணெய் வாசம் வந்தது. சட்டென்று எனக்கு மறுபடி ஏழு வயது.

மாப்பிள்ளையூரணியில் எங்கள் மளிகைக்கடையைத் திறக்கப் போகும்முன், அப்பா விளக்கெண்ணெய் தொட்டு மீசையை முறுக்குவார். நான் மடியில் ஏறிக் கலைத்துவிடுவேன். "ஏளா, கடைக்காரனுக்கு மீசைதான் மருவாதி" என்று பொய்க்கோபத்தோடு மறுபடி முறுக்குவார்.

போன வருடம் கீமோவில் அந்த மீசை உதிர்ந்தது. அப்பா கடைப்பக்கமே போகவில்லை. "பொண்ணு பாக்க வந்தப்பம் இப்படித்தானே இருந்தீய" என்று அம்மாதான் அவரைச் சிரிக்கவைத்தாள்.

சிகிச்சை முடிந்து, இனிப் பயமில்லை என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அப்பா கண்ணாடிமுன் நின்று உதட்டின்மேல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏளா, இங்கன வா. முளைச்சிருக்கா பாரு."

"நாலு முடி தெரியுதுப்பா."

"போதும். சாவியை எடு, கடையைத் திறப்போம்."