செத்த மூதிக்கு அர்த்தம் சொல்வது

அமீரகத்தின் புஜைராவில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றாலே எனக்குப் பரீட்சைதான். அன்றைக்குத்தான் திருநெல்வேலியிலிருந்து அப்பா வீடியோ காலில் வருவார், என் எட்டு வயது மகளோடு பேச. நடுவில் உட்கார்ந்து அர்த்தம் சொல்கிற வேலை எனக்கு.

அப்பாவுக்குக் கொஞ்சினாலும் திட்டத்தான் வரும். பேத்தியைக் கண்டதும், “ஏட்டி செத்த மூதி, தின்னியாட்டி?” என்பார். எங்கள் பக்கம் இதைவிடப் பாசமாக ஒரு பிள்ளையைக் கூப்பிட முடியாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவளிடம் இதை என்னவென்று சொல்ல? செத்தவள், மூதேவி என்று பிரித்துச் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. “நான் ஒண்ணுமே பண்ணலயே மம்மி” என்றாள்.

ஒருநாள் அவள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்பா விடுவாரா? “என்னட்டி, கப்பல் கவுந்துட்டோ?” என்றார். அவள் எழுந்து பால்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். “நோ தாத்தா, எல்லா ஷிப்பும் இருக்கு.” அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் சோகமாக இருக்கிறாய் என்றுதான் கேட்கிறார் என்று நான் விளக்கினேன். “அப்ப அதையே கேக்கலாம்ல? தாத்தா ஏன் நார்மலா பேச மாட்டேங்குறாங்க?” என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. “சரிட்டி, வைக்கேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்தார்.

டியூட்டி முடிந்து வந்த கணவரிடம் எரிந்து விழுந்தேன். “ஊருக்குப் போனா பிள்ளைக்கு ஊர்ப்பேச்சு தன்னால வந்துரும், விடு” என்றார். லீவு வருஷத்துக்கு ஒரு மாசம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தாத்தாவும் பேத்தியும் பேசிச் சிரிக்க இன்னும் எத்தனை லீவு மிச்சமிருக்கும்? இந்த மனுஷனுக்கு அது உறைக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பா சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஹலோ பாப்பா. ஹவ் ஆர் யூ? ஸ்டடி வெல்?” எதிர்வீட்டு டீச்சரிடம் கேட்டுப் பழகியிருக்கிறார். “குட், தாத்தா. தேங்க் யூ” என்று அவளும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. அவள் எழுந்து போய்விட்டாள்.

நான் ஃபோனைக் கையில் எடுத்தேன். “எப்பா, உங்க இங்கிலீஷைத் தூக்கி ஒடப்புல போடுங்க. எப்பவும் போல அவள ஏசுங்க.”

“வேண்டாம்மா. பிள்ள சங்கடப்படுது” என்றார். பிறகு, “நீ சாப்பிட்டியாம்மா? உடம்பு நல்லாருக்கா?” என்று கேட்டார்.

பிறந்ததிலிருந்து அப்பா என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. யார் வீட்டுப் பெண்ணிடமோ விசாரிப்பது போல இருந்தது.