நீலப் பிட்டமும் ஓரிக்கை சம்பந்தியும்

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பெண்களே, கைக்குழந்தைக்கு வேர்க்குரு வந்தால் வீட்டில் அழுவார்கள். தலையில் பொருக்கு கட்டினாலும் அழுவார்கள். நீலத்துக்கு மட்டும் அடிதடி.

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்தில் நான் நர்ஸ். அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். அங்கன்வாடி நிறையக் குழந்தைகள். வாசலில் வேன் வந்து நின்றது. ஓரிக்கை ஊர்க்காரர் முனுசாமி துணியில்லாத பேரனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னால் அழுதுகொண்டே மருமகள் செல்வி. எங்கள் ஊர்ப் பெண். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளை அழைத்துப்போக வந்த இடத்தில், குழந்தைக்குத் துணி மாற்றும்போது மனுஷர் பார்த்துவிட்டார்.

"சிஸ்டர், நீங்களே சாட்சி! எம் பேரன அடிச்சி வச்சிக்கிறாங்க! புள்ளைய மட்டும் தூக்கிக்கினு போறேன், இவ இங்கியே கெடக்கட்டும்!"

பிட்டத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு நீலம். மங்கோலியன் ஸ்பாட் என்போம். பிறவியிலேயே வருவது, வலிக்காது, வளர வளர மங்கிவிடும்.

"பெரியவரே, அடிபட்ட எடம்னா தொட்டா கத்தும். நாலு நாள்ல பச்சையாவும், மஞ்சளாவும். இது பொறந்த அன்னிக்கே இருந்திச்சி, நானே பாத்தேன். வேணும்னா அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். குழந்தை கத்தவில்லை. அவர் வெள்ளைச் சட்டையில் மூத்திரம் பெய்தது.

"பயத்துல போறான் சிஸ்டர்!"

எனக்குப் பொறுமை என்பது கிடையவே கிடையாது. "அம்மாங்களா, ஆளாளுக்குப் புள்ளைய குப்புறப் போடுங்க!" என்று கத்தினேன். பாய் நீளத்துக்கும் குழந்தைகள் குப்புறக் கிடந்தன. முனுசாமி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒன்றுக்கு இடுப்பில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு இரண்டு பக்கமும். ஒன்றுமே இல்லாதவை கொஞ்சம்தான்.

கடைசிவரை போய்த் திரும்பி நின்றார். "அடப்பாவிங்களா, இந்த ஊர்ல எல்லாருமே புள்ளைங்கள அடிக்கிறீங்களா?"

ஆயம்மா முட்டைக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை இன்னும் மாமனார் கையில்தானே இருந்தது.

அதுவரை வேனில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த முனுசாமியின் மனைவி இறங்கி வந்தார்.

"அப்பவே சொன்னேன், கேட்டியாயா நீ? உம் புள்ளைக்கும் இருந்திச்சி, உம் பொண்ணுக்கும் இருந்திச்சி. என்னிக்கினா ஒரு வாட்டி சூத்து கழுவி வுட்டிருந்தின்னா தெரிஞ்சிருக்கும்!"

அங்கன்வாடியே அதிர்ந்தது. எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு. முனுசாமி பேரனைச் செல்வியிடம் நீட்டினார்.

அவள் வெடுக்கென்று வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் மூக்கைச் சுளித்தாள். குழந்தையைத் திரும்ப அவரிடமே நீட்டினாள்.

"மாமா, கொழாய் அந்தாண்ட கீது."

ஆகவே பெண்களே, பிறந்த அன்றே அந்த நீலத்தை வீட்டு ஆம்பளைகளைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். பொம்பளைகளுக்குத் தெரியும்.