செக்பொயின்டில் நின்ற சூரியன்

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. பொங்கலுக்கு முன்னால் வந்த போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள். எல்கடுவப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் அப்போது ஆசிரியை. அன்று பின்னேரம் மாத்தளை டவுனில் ஒரு மண்டபத்தில் எங்கள் நாடகக் குழு பொங்கலுக்கான பாட்டு நாடகத்தை மேடையேற்ற இருந்தது.

நாடகக் குழு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருவர். கதை, பாட்டு, இயக்கம், கோபம் எல்லாம் அவருடையது. டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர். ஹார்மோனியமும் அவர்தான், வேனும் அவருடையதுதான். உடை, ஒப்பனை, பிள்ளைகளை அதட்டுவது மூன்றும் என் பொறுப்பு. மூன்றாவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. மற்றபடி நடித்ததெல்லாம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள்.

கதையும் சின்னதுதான். பொங்கலன்று யார் வீட்டுப் பானை முதலில் பொங்குவது என்று ஊர் சண்டை போடுகிறது. சூரியன் கோபித்துக்கொண்டு வர மறுக்கிறான். பெரியவர்கள் எவ்வளவு கெஞ்சியும் மசியாதவனைப் பிள்ளைகள் மலையேறிப் போய்ப் பாட்டுப் பாடிக் கூட்டி வருகிறார்கள். அப்பா, அம்மா, கைக்குழந்தை என்று குடும்பமாக வந்து சிரித்துவிட்டுப் போகலாம். போர் நடந்த அந்த நாட்களில் சிரிப்பதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

சூரியனாக நடிக்க வந்தவர் யாழ்ப்பாணத்துத் தம்பி. டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை, ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். பாட ஆரம்பித்தால் பிள்ளைகள் மூக்குறிஞ்சக்கூட மறந்துவிடுவார்கள், அப்படி ஒரு குரல். ஆனால் முந்தைய வருடம் ஒரு சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சில வாரங்கள் வைத்திருந்து விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை, பிறந்த ஊர்தான். வெளியே வந்த பிறகு அலுவலகம் விட்டால் அறை, அறை விட்டால் அலுவலகம் என்று ஆகிவிட்டார். நானும் மாஸ்டரும் நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் அவரை வெளியே கொண்டுவந்தோம்.

மண்டபம் பின்னேரம்தான் கைக்குக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். இருட்டுவதற்குள் சனங்கள் வீடு போய்ச் சேரவும் வேண்டும். அதனால் பள்ளிக்கூடத்திலேயே ஒப்பனையை முடித்துக்கொண்டு, வேனை விட்டு இறங்கியதும் மேடைக்கு ஏறிவிடலாம் என்று மாஸ்டர் திட்டம் போட்டார். தேருக்கும் படச் சட்டங்களுக்கும் பூசுகிற தங்கத்தூளை வாசலின் களிம்பில் குழைத்து, தம்பியின் முகம், கழுத்து, காது என்று ஓர் இடம் விடாமல் பூசினேன். சூரியனுக்கு மீசை கூடாது என்று மாஸ்டர் அடம்பிடித்து அதையும் காலையிலேயே எடுக்க வைத்திருந்தார்.

வேனில் ஏறப் போகும்போது தம்பி தயங்கினார்.

"இந்த முகத்தோட ரோட்டில போறது சரிவருமோ அக்கா?"

எனக்கு முன்னால் மாஸ்டர் முந்திக்கொண்டார். "கழுவிட்டா திரும்ப யாரு பூசுறது? கண்ண மூடித் தொறக்க முன்ன டவுனு. பேசாம ஏறுங்க தம்பி."

மஞ்சள் சட்டையும் தலையில் அட்டைக் கதிர்களுமாகப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தம்பியை நடுவில் இருத்திக்கொண்டோம். வழியெல்லாம் பாட்டு.

டவுன் எல்லையில் இருந்த ஆமி செக்பொயின்டில் நானாவின் வேனை எல்லோருக்கும் தெரியும். கையைக் காட்டி விட்டுவிடுவார்கள். அன்று பார்த்துப் புது ஆட்கள் நின்றார்கள். கதவை இழுத்துத் திறந்த ஆமிக்காரப் பையன், உள்ளே பளபளத்துக்கொண்டிருந்த முகத்தைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கித் துவக்கைத் தூக்கினான். பாட்டு நின்றுபோனது.

தம்பியை இறங்கச் சொன்னார்கள். அடையாள அட்டையை வாங்கிய ஆமிப் பெரியவர் அதைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

நான் குதித்து இறங்கி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மூச்சு விடாமல் சொன்னேன். நாடகம், பொங்கல், பிள்ளைகள், சூரியன். அவர் ஒன்றுக்கும் அசையவில்லை.

"முகத்தைக் கழுவச் சொல்லுங்க. யாருன்னு பாத்துட்டு விடுறேன்."

போத்தல் தண்ணீரை ஊற்றிச் சேலைத் தலைப்பால் தேய்த்தேன். வாசலின் களிம்பு தண்ணீருக்குப் போகுமா? தங்கம் இன்னும் மினுங்கியது, கண்ணுக்குள் இறங்கியதுதான் மிச்சம். பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது. வேனும் பிள்ளைகளும் போகலாம், இவர் நிற்கட்டும், பொலிஸ் ஜீப் வந்து கூட்டிப் போய் விசாரிக்கும் என்றார்.

விசாரிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தம்பி யாரும் சொல்லாமலே முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டார். போன வருடம் தடுத்து வைத்த இடத்தில் என்ன பழகிவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேனுக்குள் ஒரு பிள்ளை அழ ஆரம்பிக்க, மற்றவையும் சேர்ந்துகொண்டன. நானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் எங்களை ஆட்டிப்படைத்த மாஸ்டர் பிள்ளைகளின் அட்டைக் கதிர்களுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் எதிரே பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சிங்கள அம்மா ரோட்டைக் கடந்து வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பிரம்புக் கூடை, கூடையில் பூவும் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயும். போயாவுக்குப் பன்சலைக்கு, புத்த கோயிலுக்குப் போகிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"தண்ணில போகாது மகள். எண்ணெய்லதான் போகும்" என்றார் என்னிடம், சிங்களத்தில். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தம்பியின் கைகளைப் பிடரியிலிருந்து தானே பிரித்துவிட்டு, பக்கத்து மதகுக் கட்டின் மேல் உட்கார வைத்தார். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த வெள்ளைச் சேலையையும் வயதையும் பார்த்தோ என்னவோ, சொல்லாமல் விட்டுவிட்டார்.

"அம்மே, இது விளக்குக்குக் கொண்டுபோற எண்ணெய் இல்லையா?" என்று கேட்டேன்.

"விளக்கு இன்னைக்குக் கொஞ்சம் கொறைவா எரியட்டும்."

பூவின் மேல் மூடியிருந்த வெள்ளைத் துணியை எடுத்து, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, நெற்றியிலிருந்து துடைக்கத் தொடங்கினார். தங்கம் வழிந்து வந்தது. கருத்த நெற்றி தெரிந்தது, பிறகு ஒரு புருவம்.

"எந்த ஊரு புத்தா?" என்றார். புத்தா என்றால் மகன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டவுனில் வேலை செய்கிறார் என்று நான் இடையில் புகுந்தேன். ஆனால் தம்பி கண்ணை மூடியபடியே, தட்டுத் தடுமாறிய சிங்களத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணம்.

அந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

எத்தனை நேரம் நின்றதோ, எனக்கு அது முடியாத நேரமாக இருந்தது. ஆமிக்காரப் பையனும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இனி இவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"என் மகனும் அங்கதான் இருக்கான். ஆமியில" என்றார் மெதுவாக. பிறகு கேட்டார், "அங்க இப்ப மழையா?"

தம்பி கண்ணைத் திறந்தார். "தெரியாது அம்மே. நான் ஊருக்குப் போய் மூணு வருஷம்."

"அவன் வீட்டுக்கு வந்தும் ஒரு வருஷமாகுது."

அவ்வளவுதான் பேசினார்கள். அந்த அம்மா மறுபடி எண்ணெயை ஊற்றி, கண்ணுக்குள் போய்விடாமல் விரல் நுனியால் இமையோரம் துடைத்தார். நான் வேனின் மறுபக்கம் போய் நின்று மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

முகம் வெளியே வந்தது. பெரியவர் அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மீசை எங்க?"

காலையில் எடுக்க வைத்த மீசை! மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியாது. "ஒரு நிமிஷம் மாத்தயா" என்று சொல்லி, ஒப்பனைப் பெட்டியிலிருந்து மைப் பென்சிலை எடுத்து, எண்ணெய் வழிந்த அந்த மேலுதட்டைத் துடைத்துவிட்டு, அட்டைப் படத்தில் இருந்த மாதிரியே ஒரு மீசையை வரைந்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பக்கம் சற்றுத் தடித்துவிட்டது. என் ஆயுளில் அவ்வளவு கவனமாக நான் ஒப்பனை செய்ததில்லை. வேஷம் போட எத்தனையோ முகங்களை மாற்றியிருக்கிறேன். ஒருவரை அவராகவே காட்ட ஒப்பனை செய்தது அன்றுதான்.

ஆமிக்காரப் பையன் சிரித்துவிட்டான். பெரியவர் சிரிக்கவில்லை. அட்டையையும் முகத்தையும் இன்னொரு தடவை பார்த்தார், தன் பதிவில் ஏதோ எழுதிக்கொண்டார், அட்டையைத் தம்பியிடம் நீட்டினார்.

"நாடகம் முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போகணும்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்த அம்மா தங்கம் அப்பிய துணியைச் சுருட்டிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, மூடாத பூக்களோடு ஏறினார். போத்தலின் அடியில்தான் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்தது. "பொஹொம ஸ்துதி அம்மே" என்று சிங்களத்தில் நன்றி சொல்லிக் கத்தினேன். ஜன்னல் வழியே தலையை ஆட்டினார். பஸ் கலேவெலப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்த்தேன்.

மண்டபத்தில் சனம் பொறுமையிழந்து கைதட்டிக்கொண்டிருந்தது. திரும்பப் பூசத் தங்கமும் இல்லை, நேரமும் இல்லை. எண்ணெய் மினுங்கும் வெறும் முகத்தோடு தம்பி மேடைக்குப் போனார். மீசையை அழிக்க எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. முன்வரிசையில் ஒரு வாண்டு, "ஐயோ, சூரியனுக்கு மீச!" என்று கத்த, மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு கணம் திகைத்த தம்பி, தானும் சிரித்துவிட்டுப் பாட்டை எடுத்தார். நான் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டேன். முடிந்ததும் நானாவே அவரை அறை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, உள்ளே தாழ் போடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வேனைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் வடக்கிலிருந்து ஆமிப் பையன்களின் சவப்பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் மாவட்டத்துச் சிங்களக் கிராமங்களிலும் ரோட்டோரம் சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருக்கும். பஸ்ஸில் போகும்போது அதைக் கண்டால் எந்த வீட்டுக் கொடி என்று கண்டக்டரைக் கேட்பேன். கேட்டு என்ன செய்ய? அந்த அம்மாவின் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது.

தம்பி இப்போது வெளிநாட்டில், மனைவி பிள்ளைகளோடு இருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைபேசியில் பேசுவார். எல்லாம் பேசி முடித்து வைக்கப் போகும்போது, "அந்த அம்மான்ட மகன் வீட்ட வந்திருப்பாரோ அக்கா?" என்று கேட்பார். வந்திருப்பான் என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளையைத் துடைத்து எங்களிடமே திருப்பித் தந்துவிட்டுப் போன அவருக்காகச் சொல்ல எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான், அது உண்மையா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.