சும்மா நின்ற விசிறி

பிள்ளைகளா, நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது, உங்கள் மாமா பட்டப்பகலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பதைப் பார்த்து, "மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பீர்கள். "அசதி, தூங்குறார்" என்று சொல்லி உங்கள் அம்மா உங்களை வெளியே அனுப்பிவிடுவாள். அவர் தூங்கவில்லை. கூடப்பிறந்த அண்ணனைப் பற்றி அவள் வாயால் சொல்ல முடியாததை நான் எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். நடந்ததை நடந்தபடிதான் சொல்ல வரும்.

டெலிபோன் கருவிகள் செய்யும் பெரிய தொழிற்சாலையில் இருந்தவர் அவர். ஆள்குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவரை வேறு யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. தொம்மலூரில் ஒரு சந்துக்குள் இருந்த இன்வெர்ட்டர் பட்டறைக்கு நான் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளியிடம் கெஞ்சி அவரையும் அங்கே நுழைத்தேன். "ஆர்டர் இருக்கிற வரைக்கும் வரட்டும். புதுசா ஏதாவது செஞ்சு காட்டினா பர்மனென்ட் பண்றேன்" என்றார் முதலாளி. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மாமா மறுபடி தினமும் சவரம் செய்ய ஆரம்பித்தார்.

இன்வெர்ட்டர் பெட்டிக்குள் சூடு சேராமலிருக்க, பின்புறம் ஒரு சின்ன விசிறி இருக்கும். அது ஓயாமல் சுற்றிச் சுற்றி, தெருத்தூசியையெல்லாம் உள்ளே இழுத்து, கடைசியில் தானும் அடைத்து நின்றுவிடும். பிறகு பெட்டி கருகும். சூடு ஏறும்போது மட்டும் அது சுற்றினால் என்ன என்று மாமா யோசித்தார். மிளகு அளவில் ஒரு கறுப்பு மணி, தெர்மிஸ்டர் என்பார்கள், சூட்டை உணரக்கூடியது. அதைப் பெட்டிக்குள் சூடாகும் அலுமினியத் தகட்டில் ஒட்டி, தான் செய்த சின்ன போர்டோடு இணைத்தார். எந்தச் சூட்டில் விசிறி கிளம்ப வேண்டும் என்று ஒரு திருகாணியை இப்படியும் அப்படியும் திருப்பி நாள்கணக்கில் பார்த்தார். ஒருநாள் சூடேறிய சால்டரிங் கம்பியை மணியருகே கொண்டுபோனார், விசிறி சுற்றியது. கம்பியை விலக்கினார், கொஞ்சம் பொறுத்து நின்றது. "பாத்தியா மாப்ளே, எப்ப ஓடணும், எப்ப நிக்கணும்னு இதுக்கே தெரியுது" என்று சிரித்தார். அந்தப் பட்டறையில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

முதலாளிக்கும் பிடித்துப்போய், முதல் தொகுதிப் பெட்டிகள் எல்லாவற்றிலும் அதையே வைக்கச் சொன்னார். பெரும்பாலானவற்றை வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் நானே இறக்கினேன். மார்கழிக் குளிர். பெட்டி சூடாகவே இல்லை, விசிறியும் அசையவில்லை. மேனேஜர் பின்னால் கை வைத்துப் பார்த்தார். "காத்தே வரலியே. ஃபேனுக்கும் லஞ்ச் பிரேக்கா?" என்றார். படிக்க வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். சூடானால்தான் சுற்றும் என்று எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். "நீங்க டிரைவர்தானே? உங்க ஓனர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார்.

அங்கே போன பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்தன.

"சார், சூடே இல்லாதப்ப எதுக்கு சார் சுத்தணும்?" என்று மாமா கேட்டார்.

"நோடு, இங்க பாரு" என்று கன்னடம் கலந்து ஆரம்பித்தார் முதலாளி. "காத்து வரணும், சத்தம் வரணும். அப்பதான் ஜனங்க நம்புவாங்க. நீ ஒவ்வொரு ஆபீசா போய் பாடம் எடுத்துட்டு வரியா? கழட்டிட்டு டைரக்டா குடு."

வேறு யாரையும் மாமா கைவைக்க விடவில்லை. தான் வைத்ததைத் தானே ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, விசிறிகளை நேராக மின்சாரத்தோடு இணைத்தார். ஒயர் முனைகளுக்கு உறைகூடப் போட்டார். பெட்டிகள் எல்லாம் ஒரே இரைச்சலாக ஓடின. "ஆர்டர் வந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார் முதலாளி. ஆர்டர் வந்தது. சொல்லி அனுப்பவில்லை.

மறுவருஷம் அந்தப் பெட்டிகளில் சில, தூசி அடைத்துக் கருகித் திரும்பின. மாமாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று வீட்டுக்கு ஓடிவந்தேன். "நீங்க சொன்னதுதான் மச்சான் நடந்துச்சு" என்றேன்.

"வேற ஃபேன் மாட்டிட்டாங்கல்ல?"

"மாட்டிட்டாங்க."

"அப்புறம் என்ன" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் தப்பாகச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். தப்பைத் திருத்திக்கொண்டு எழுந்திருக்கலாம். சரியாகச் செய்தவர் எதைத் திருத்துவார்? நாம் சோறு வைத்தோம், பேச்சுக் கொடுத்தோம். எதுவும் அவரைத் தொடவில்லை. சில வருஷங்களில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

அவர் போன பிறகு ஒரு கோடையில், சந்தாபுராவில் ஒரு டைப்பிங் கடையிலிருந்து விசிறி ஓடவில்லை என்று அழைப்பு வந்தது. முதல் தொகுதியில் அந்தக் கடைக்குப் போய்த் திரும்பி வராமல் தங்கிவிட்ட ஒரே பெட்டி அது. அதற்குள் நானும் சின்னச் சின்ன ரிப்பேர் பழகியிருந்தேன். மூடியைத் திறந்தேன். ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் அதில் ஓடியது, கோடையிலும் பெட்டி சூடேறவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உள்ளே தூசியே இல்லை. "கெட்டுப்போகலீங்க, சூடானா தானா ஓடும்" என்றேன்.

"ஓடாத ஃபேன் எதுக்குங்க? ஓட வச்சுக் குடுங்க" என்றார் கடையைப் புதிதாக எடுத்திருந்தவர்.

போர்டை அறுத்தெடுத்து விசிறியை நேராக இணைத்தேன். இரைந்துகொண்டு சுற்றியது. "இப்பதான் உயிர் வந்துச்சு" என்றார்.

திரும்பும் வழியில் டெம்போவை ஓரம்கட்டினேன். என் சீட்டுக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி தொட முடியாத சூட்டில் இருந்தது. கையோடு எடுத்து வந்திருந்த அந்த போர்டில் மின்சாரம் இல்லை, விசிறி இல்லை, எதுவும் சுற்றப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கறுப்பு மணியை மூடியின்மேல் படும்படி வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.