டியூபில் தண்ணீர் நிற்கவில்லை

கட்டட வேலையில் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு கோமாளி உண்டு. எங்கள் செட்டில் அது நான். கொத்தனாராக நான் சுமார்தான். சாரத்தின் மேல் நின்று ஏதாவது சொன்னால் கீழே கலவை போடுகிறவர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அது போதும் எனக்கு.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தூக்கம் போனது. சொல்லிக்கொள்ளக் காரணம்கூட இல்லை. விடியும்போதே நெஞ்சின் மேல் யாரோ சிமெண்ட் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். சாரத்திலிருந்து கீழே பார்த்தால், விழுந்தால்தான் என்ன என்று தோன்றும். அதுதான் பயமாக இருந்தது. ஒருநாள் டீ நேரத்தில் சொல்லியே விட்டேன்.

"ஏனுங்க, எனக்கு மனசே செரியில்லீங்க. ராத்திரியெல்லாம் அழுகாச்சியா வருது."

செட்டே விழுந்து விழுந்து சிரித்தது.

"அண்ணா, நீங்க அழுகறத டிக்கெட் எடுத்துப் பாக்கலாமுங்க!" என்றான் கம்பி கட்டுகிறவன்.

"உனக்கு மட்டும் டபுள் ரேட்டு" என்றேன். வாய் சும்மா இருக்குமா! அதற்கும் சிரித்தார்கள். அப்படி ஒரு வரவேற்பு எனக்கு அதுவரை கிடைத்ததே இல்லை.

டீ முடிந்து ஜன்னல் மட்டம் பார்க்கப் போனோம். தண்ணீர் நிரப்பிய நீளமான டியூபின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையோடு சுவருக்கு அந்தப் பக்கம் போனார் என் கூட்டாளிக் கொத்தனார். நான் அவருக்கு மாமா, அவர் எனக்கு மாப்ளே. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் அசையாமல் நின்றால்தான் சுவரில் கோடு போட முடியும்.

"நின்னுச்சுங்களா மாப்ளே?"

"இல்லீங். ஆடிட்டே இருக்குது. கைய ஆட்டாதீங்க."

"ஆட்டலீங்க."

டியூபில் தண்ணீர் மறுபடியும் ஏறி இறங்கியது.

"மாமா, கை நடுங்குதுங்களா?"

அவர் முகம் தெரிந்திருந்தால் ஒரு ஜோக் அடித்திருப்பேன். வெறும் சுவரிடம் எனக்கு ஜோக் வராது. "ஆமாங்க" என்றேன். பிறகு தூக்கம், மூட்டை, சாரத்து நினைப்பு என்று எல்லாவற்றையும் செங்கல்லைப் பார்த்தே சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வரவில்லை.

"எனக்கும் இருந்துச்சுங்க. பெரியாஸ்பத்திரில மனசு டாக்டர்கிட்ட காட்டுனேன். இன்னும் மாத்திர போட்டுட்டுத்தான் இருக்கறேன்."

"அடப்பாவி! எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"உங்ககிட்டயா? பொழுது சாயறதுக்குள்ள சோமனூர் வரைக்கும் ஜோக்கா போயிருக்குமுங்க."

நியாயம்தான்.

"இன்னிக்கு சாரத்துல ஏறாதீங்க, மேல் வேலைய நான் பாத்துக்கறேன். காலைல ஊட்டுக்கு வாரேன், கூட்டிட்டுப் போறேன். டாக்டர்கிட்டப் போயி ஜோக்கடிச்சுப்போடாதீங்க. அவிங்களும் சிரிச்சுப்போட்டா மாத்திர கெடைக்காது."

மறுநாள் அந்த டாக்டரம்மா, "என்ன பண்ணுது?" என்று கேட்டார். நல்ல ஜோக் ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கதவோரம் நின்ற மாப்ளே தொண்டையைச் செருமினார்.

நான் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.