வாசலுக்கு வெளியே மிருதங்கம்

பல்லாவரம் கண்டோன்மென்ட் பக்கம் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அவர்கள் குடும்பத்தினரும் புதைக்கப்பட்ட பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடையில், வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே இலவசமாகக் கச்சேரி நடந்தது. ஒரு வாரம் மேற்கத்திய வயலின், ஒரு வாரம் வீணை, ஒரு வாரம் வாய்ப்பாட்டு. நடத்தியவர் சர்ச் பாடகர் குழுவைப் பார்த்துக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் அவரைக் கொயர் ஆன்ட்டி என்பேன். கல்லறை என்ற சொல் அவர் வாயில் வராது. 'நம்ம தோட்டம்' என்றுதான் சொல்வார். எல்லாச் சிக்கலும் அந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது.

அந்தக் கோடையில் பாட அழைக்கப்பட்டவர்களில் என் அத்தையும் ஒருத்தி. அப்பாவின் தங்கை. தாம்பரத்தில் வங்கி வேலை. கீழ்க்கட்டளையில் எங்களோடு இருந்தாள். மார்கழியில் ஏதாவது ஒரு சபாவில், யாரும் வராத மத்தியான வேளையாவது கிடைக்காதா என்று வருடா வருடம் கேட்டுப் பார்ப்பாள். வருடா வருடம் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று பதில் வரும். கொயர் ஆன்ட்டி போனில் கூப்பிட்டதும் அத்தை யோசிக்கவேயில்லை. அப்பாதான், "போயிட்டு வந்து எதையும் தொடாம நேரா பாத்ரூமுக்குப் போங்க, ரெண்டு பேரும்" என்று சொல்லி அனுப்பினார். ரெண்டாவது ஆள் நான்.

அத்தைக்கு மிருதங்கம் வாசிப்பவர் மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்குப் பயிற்சிக்கு வருவார். எனக்கு மிருதங்க அண்ணா. அன்று நாங்கள் போய் இறங்கியபோது அவர் யூனிபார்ம் சட்டையோடு, மிருதங்கப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரும்புக் கேட்டுக்கு வெளியே இளநீர் வண்டி பக்கத்தில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தும் உள்ளே வரவில்லை.

"அக்கா, தோட்டம்னீங்களே. பார்க்குன்னு நெனச்சேன்."

"ஏன், என்ன?"

"வீட்ல அவ முழுகாம இருக்கா. போன தடவையும் தங்கல, அதுக்கு முன்னாடியும் தங்கல. இந்த மாதிரி எடத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லக்கா. ஆனா…"

அத்தை அவரை மேலே பேச விடவில்லை. "சரி, விடு" என்றாள்.

அதற்குள் கொயர் ஆன்ட்டி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் வருத்தப்பட்டார், கோபப்படவில்லை. சர்ச்சில் தபலா வாசிக்கும் பையன் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான், உடனே வந்துவிடுவான் என்றார். அத்தை கேட்டைப் பார்த்தாள். மரத்தடி மேடையைப் பார்த்தாள். கேட்டிலிருந்து மேடைவரை நேராக ஒரு செம்மண் பாதை.

"அவன் இங்கேயே உக்காந்து வாசிக்கட்டும். நான் இந்தப் பக்கம் திரும்பிப் பாடறேன்."

மேடை கேட்டுக்கு முதுகு காட்டித்தான் போடப்பட்டிருந்தது, தெருச் சத்தம் பின்னால் போகட்டும் என்று. கொயர் ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினார். "சபா செக்ரட்டரி வந்திருக்கார்மா, முன்வரிசையில. ரெண்டு மாசமா சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். நீ திரும்பிட்டா அவருக்கு உன் முதுகுதானே தெரியும்?"

"முதுகு தெரிஞ்சா என்ன ஆன்ட்டி, பாட்டு கேக்குமில்ல."

மைக்செட்காரர் தலையைச் சொறிந்தார். "ஒயரு பத்தாதுக்கா. இரு, வண்டில இன்னொண்ணு கீது, எடுத்தாறேன்" என்று ஓடினார். ஒயரை எந்தக் கல்லின் மேலும் படாமல் பாதையோரமாகவே இழுக்கச் சொல்லிக் கொயர் ஆன்ட்டி கூடவே நடந்தார். வந்திருந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு, கல்லறைகளுக்கு நடுவே இடம் பார்த்து, பாதையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இருந்த வேட்டிக்காரர் மட்டும் நகரவில்லை.

"ஸ்பீக்கரைக் கேட்டு வாசிக்காதே, சத்தம் முன்னப்பின்ன வரும். என் கையை மட்டும் பாரு" என்று மிருதங்க அண்ணாவிடம் சொல்லிவிட்டு அத்தை மேடை ஏறினாள்.

முதல் பாட்டில் இருவரும் தடவித் தடவித்தான் போனார்கள். இரண்டாவதில் சேர்ந்துவிட்டார்கள். அத்தை வீட்டில் தொடையில் லேசாகத் தட்டித் தாளம் போடுவாள். அன்று கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கித் தூக்கிப் போட்டாள். அன்று வெள்ளிக்கிழமைச் சந்தை. கறிவேப்பிலைச் செடியோடும் பழைய டேபிள் பேனோடும் போய்க்கொண்டிருந்தவர்கள் மிருதங்க அண்ணாவைச் சுற்றி நின்றார்கள். பார்வையை மறைக்காதபடி மைக்செட்காரர் அவர்களை ஒதுக்கி ஒதுக்கி விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக உள்ளே வந்து புல்லில் உட்காரத் தொடங்கினார்கள்.

கல்யாணி ராகத்தில் பெரிய பாட்டு. அத்தை ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடி மேலே கொண்டுபோன சமயம், தலைக்கு மேல் விமானம் வந்தது. பல்லாவரத்தில் விமானம் புதிதல்ல. ஆனால் அது மிகத் தாழ்வாக வந்தது. எதுவும் கேட்கவில்லை. அத்தை பாட்டை நிறுத்திவிட்டாள். கை மட்டும் நிற்கவில்லை. அப்போது பார்த்து அந்த வேட்டிக்காரர் எழுந்தார். மேடையைச் சுற்றி வந்து பாதை நடுவில் கேட்டை நோக்கி நடந்தார். மிருதங்க அண்ணா கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்தார். பெரிய உடம்பு, எப்படிப் பார்த்தாலும் மறைத்தது. அத்தை கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். அங்கிருந்தே தாளம் போட்டாள். வேட்டிக்காரர் கேட்டில் மிருதங்கத்தைச் சுற்றிக்கொண்டு வெளியேறினார். விமானச் சத்தம் தேய்ந்தது. சத்தம் போன இடத்தில் மிருதங்கம் கேட்டது, அத்தையின் கையோடு இம்மி பிசகாமல். அவள் விட்ட வரியை அதே இடத்தில் எடுத்தாள். கேட்டுக்கு வெளியே யாரோ விசிலடித்தார்கள். கொயர் ஆன்ட்டி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆவணியில் மிருதங்க அண்ணாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த மார்கழியிலும் அத்தைக்குச் சபாவில் இடமில்லை.

அன்று ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு ஒரே குஷி. எங்கள் அப்பார்ட்மென்ட்டிலும் ஒரு செக்ரட்டரி இருந்தார். தண்ணீர் லாரிக்குப் போன் செய்வது அவர் வேலை. இந்த வேட்டிக்காரச் செக்ரட்டரியும் லாரி வந்துவிட்டதென்றுதான் எழுந்து போயிருப்பார் என்று அத்தையிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "இருக்கும்டி" என்றாள். அப்புறம் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கீழ்க்கட்டளை வரும்வரை திறக்கவில்லை. அவ்வளவு நேரம் கையைத் தூக்கியே வைத்திருந்த களைப்பு என்று நினைத்து, அவள் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தேன்.