உப்பில்லாத வடை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா ரொறன்ரோவில் ஒரு சின்ன யூதக் கோயிலில் வேலைக்குச் சேர்ந்தார். கூட்டுவது, உட்காருகிற கதிரைகளை அடுக்குவது, பனி தள்ளுவது எல்லாம் அவர்தான். மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று மாதம் முடிகிற நேரம் பார்த்து அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. சனிக்கிழமை வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கடலை வடை சுட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

அப்பா முதலில் மறுத்தார். வெளிச்சாப்பாடு அந்த வாசலைத் தாண்டாது என்று அவருக்குத் தெரியும்.

"கேட்டுத்தான் பாருங்கோவன். கேட்டா வேலையை விட்டே நிப்பாட்டப் போயினம்?" என்றார் அம்மா.

அதுதான் அப்பாவின் பயமே. ஆனாலும் கேட்டார். அந்தக் கோயிலின் குருவை ரபாய் என்று கூப்பிடுவார்கள். தாடிக்குள்ளேயே சிரிக்கிற மனிதர். கோயில் சமையலறையில், அங்குள்ள சாமான்களைக் கொண்டே வெள்ளிக்கிழமை காலை சுடலாம், அடுப்பை மட்டும் தானே வந்து பற்றவைக்க வேண்டும், அது தங்கள் முறை என்றார். சொன்னபடியே வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனார். எங்கள் ஐயரும் இப்படித்தான் என்று அம்மாவுக்குப் பரம திருப்தி.

மார்ச் லீவு என்பதால் நானும் போயிருந்தேன். அங்கே கரண்டி வைக்கிற இழுப்பறைகளில் இறைச்சிக்கு ஒரு லாச்சி, பாலுக்கு ஒரு லாச்சி. ஒன்றின் கரண்டி மற்றதோடு கலக்கவே கூடாது. "ஒண்டிலயும் கை வைக்கக்கூடாது" என்று அப்பா என்னை மூன்று முறை எச்சரித்திருந்தார். அம்மாவோ, கையெல்லாம் மாவாக, "பிள்ளை, ரெண்டு கரண்டி உப்புப் போடு" என்றார்.

எந்தக் கரண்டி? சிவப்புத் தாள் ஒட்டிய லாச்சியில் இருப்பதா, நீலத் தாள் ஒட்டியதில் இருப்பதா? தவறானதை எடுத்தால் அப்பாவின் வேலை போய்விடும் என்று பயந்தேன். கையால் அள்ளிப் போட்டிருக்கலாம். அது தோன்றவில்லை. "போட்டாச்சு" என்றேன்.

அம்மா ருசி பார்க்கவில்லை. படைக்கப் போவதை முன்கூட்டி வாயில் வைப்பாரா? ஆருடைய கடவுளென்றாலும் கடவுள்தான் என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். தோரா என்கிற அவர்களுடைய வேதத்தை வாரத்துக்கு ஒரு பகுதியாக வருஷம் முழுக்க வாசிப்பார்கள். அன்றைக்குப் புதிய புத்தகம் தொடங்கியது. வாசித்து முடிந்ததும் ரபாய் ஆங்கிலத்தில் விளக்கினார். கடவுளுக்குப் படைக்கிற எதிலும் உப்பு இருக்க வேண்டும், உப்பில்லாமல் ஒரு காணிக்கையும் வைக்கக்கூடாது என்று இந்த வாரம் கட்டளை வருகிறது என்றார்.

நேற்று நடந்ததைக் கடவுள் இவ்வளவு சீக்கிரம் போட்டுக்கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கீழே சாப்பாட்டு மேசையில் ரபாய் பாண் ரொட்டியைப் பிய்த்து, உப்பில் தொட்டுச் சாப்பிட்டார். பிறகு முதல் வடையை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார். அம்மாவைப் பார்த்தார். அம்மா இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடச் சோதனை மறுமொழிக்கு நிற்கிற பிள்ளை போல நின்றார்.

ரபாய் உப்புக் கிண்ணத்தை இழுத்து, ஒரு சிட்டிகை எடுத்து வடையில் தூவினார். இன்னொரு கடி. பிறகு சபைக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"பார்த்தீர்களா! இன்றைய கட்டளையை நாமே நிறைவேற்றட்டும் என்று, உப்பை நம் கைக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். அப்படித்தானே?"

பாதி விளங்காத அப்பா, "யெஸ், யெஸ்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிழவர்கள் உப்புக் கிண்ணத்துக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு வடை மிஞ்சவில்லை. அதனால் அம்மா அதை ருசிக்கவேயில்லை. ஒரு பெண்மணி அவர் கையைப் பிடித்து, இவ்வளவு பொருத்தமாக யாருமே செய்ததில்லை என்று சொன்னபோது, அம்மாவின் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் அப்பாவின் வேலை நிரந்தரமானது. நான் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ரபாயை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. இவ்வளவு வேதம் படித்த மனிதர், ஒரு வடையில் இப்படி ஏமாந்துபோனாரே என்று பல வருஷம் அவருக்காக இரங்கினேன்.